அக்காவின் படகும் தானே திரும்பிய சக்கரமும்

அந்தச் சக்கரம் முதன்முதலில் தானாகச் சரியான பக்கம் திரும்பியபோது படகின் அடியில் தண்ணீர் இல்லை; தார்ச்சாலைதான் இருந்தது.

பெங்களூரின் ஜோகுபாளையத்தில் என் வீட்டு வாசலில், இருசக்கர டிரெய்லர் ஒன்றின் மீது, பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்திய நிலையில், அக்காவின் படகு நின்றிருந்தது. மாலை வெயில். எதிர்ச்சுவரோரம் துணிகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடும் செல்வியின் தள்ளுவண்டியிலிருந்து கரிப்புகையும் சூடேறிய பருத்தியின் மணமும் வந்துகொண்டிருந்தன. நான் படகின் பின்பகுதியில் நின்று, வலப்புறம் பத்துப் பாகை என்று பொருள்படும் பொத்தானை அழுத்தினேன்.

மெல்லிய முனகல் ஒன்று எழுந்தது. சக்கரம், தொடுவார் எவருமின்றி, ஒரு சாண் அளவு வலப்புறம் நகர்ந்து நின்றது.

தெரு கைதட்டியது.

"சார், இதே மாதிரி ஒண்ணு நம்ம ஆட்டோவுக்கும் மாட்டிக் குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் முனிரத்தினம். "நான் பின்சீட்ல படுத்துக்கறேன். அது பாட்டுக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போய்ட்டு வரட்டும்."

"நீ இப்ப ஓட்டறதே அப்படித்தானே இருக்குது" என்றாள் செல்வி.

படகின் விளிம்பில் அமர்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நேரா போகுமாடா?" என்று கேட்டாள்.

"போகும்" என்றேன்.

தெரு முழுவதும் கேட்கும்படியாகவே சொன்னேன். அவ்வளவு உறுதியாக அதைச் சொல்லாதிருந்தால் இந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்திராது.

படகும் அதன் இருவரும்

இத்தொடரை வாசித்து வருபவர்களுக்கு என் தொழில் தெரியும். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கட்டுப்பாட்டுக் கருவிகள் பிரிவுக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவன். பெரிய ஆலைகளின் உருளைகளும் கொதிகலன்களும் மனிதக் கையின்றித் தாமே தம்மைத் திருத்திக்கொள்ளும்படி அமைப்பதே என் வாழ்நாள் வேலை. அவற்றில் ஒன்றுகூட என் பெயருக்கு இழுக்குத் தேடித் தந்ததில்லை.

அக்கா ராஜேஸ்வரி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கல்லூரியில் படித்த காலத்தில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்து, அல்சூர் ஏரியில் பாய்ப்படகு செலுத்தக் கற்றாள். எங்கள் தந்தையார் இதை உறவினர்களிடம் சொல்லவில்லை. பெண் தட்டச்சு வகுப்புக்குப் போகிறாள் என்றே சொல்லி வந்தார். கயிறு இழுத்து இழுத்து அவள் உள்ளங்கைகள் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. எந்தத் தட்டச்சுப் பொறி உள்ளங்கையைக் காய்க்கச் செய்யும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தண்ணீர் ஆகாது. அதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. சிலருக்குப் பாகற்காய் ஆகாததைப் போன்றதே அது.

அத்தான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டுப் பொறியாளரிடமிருந்து இந்தப் படகை வாங்கினார். சிறிய படகு. இந்த அளவுள்ள படகுகளில் பெரும்பாலும் சுக்கானைத் திருப்ப ஒரு கட்டைதான் இருக்கும். இதிலோ கார் ஸ்டியரிங்கைப் போலச் சக்கரம் இருந்தது. அதற்காகவே வாங்கியதாக அத்தான் சொல்வார். நகருக்கு வெளியே, ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான தொலைவில் உள்ள அணையின் நீர்த்தேக்கத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஞாயிறுதோறும் இருவரும் போவார்கள். அத்தானுக்குச் சக்கரம், அக்காவுக்குப் பாயும் கயிறுகளும். ஒருநாளும் அவர்கள் அந்த வேலைகளை மாற்றிக்கொண்டதில்லை.

அத்தான் நேராகச் செலுத்தியவர் அல்லர். ஒரு நீர்க்காகத்தைக் கண்டால் படகு அதன் பக்கம் போகும். கரையில் யாரேனும் மீன் வறுக்கும் வாசனை வந்தால் அங்கே போகும். அக்கா பாயைச் சரிசெய்துகொண்டே வைவாள். அவர் சீட்டியடிப்பார்.

போன ஆண்டுக்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் காலமானார். துக்கம் கழிந்த சில மாதங்களில் அக்கா தனியாகப் படகை எடுத்துச் சென்றாள். பாயை ஏற்றவும் இறக்கவும் சக்கரத்தை விட்டு முன்னால் போக வேண்டும். போன கணமே படகு முகம் திருப்பும். சக்கரத்தைக் கயிற்றால் கட்டிப் பார்த்தாள். ஒரு நாள் அது அவளையும் இழுத்துக்கொண்டு மீனவர்களின் வலைக்குள் புகுந்தது. அச்செய்தி எப்படியோ வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன் பரணியின் காதுக்குப் போயிற்று.

மருமகனின் தொலைபேசி

படகை விற்றுவிடப் பரணி ஆள் பிடித்துவிட்டான். நீர்த்தேக்கத்தின் கரையில் சொகுசு விடுதி நடத்தும் மல்லப்பா என்பவர் படகை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். விருந்தினர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு பாய்மரப் படகு தேவைப்பட்டது.

அக்கா மகனுக்கு ஒரு நிபந்தனை விதித்தாள். தசரா முடிந்த பிறகு ஒரு நாள், மல்லப்பாவே கரையில் நின்று பார்க்க, அவள் தனியாகப் பாயேற்றிப் போய்த் தனியாகத் திரும்புவாள். முடிந்தால் படகு அவளுடையது. முடியாவிட்டால் அன்றே மல்லப்பா எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு என்னிடம் வந்து, சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோபைலட் கருவியைப் பற்றிக் கேட்டாள். தருவித்துவிடலாம், நானே பொருத்துகிறேன் என்றேன். வேறு ஒருவர் பொருத்துவதை நான் ஒப்பியிருக்கவும் மாட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பரணி என்னை அழைத்தான்.

"மாமா, நீங்க எவ்ளோ பெரிய இன்ஜினியர். உங்களால மாட்ட முடியும்னு எனக்குத் தெரியும்."

"தெரிந்தால் சரி."

"ஆனா மாட்டித்தான் ஆகணுமா மாமா?"

தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினேன். அவன் தொடர்ந்தான்.

"அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு. தனியா தண்ணில போறாங்க. இங்க நான் போனைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கறேன். அது மட்டும் ஒழுங்கா வேலை செய்யலைன்னா, அவங்களே விட்டுடுவாங்க. உங்க கையிலதான் இருக்கு."

"என் கையில் இருக்கும் வேலை ஒழுங்காகத்தான் நடக்கும்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன்.

சொன்னது சரியான சொல்தான். ஆயினும் அன்று முழுவதும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அந்தக் கருவி நன்றாக ஓட வேண்டும் என்று விரும்பினேன், ஏனெனில் அது என் வேலை. அக்கா கரையிலேயே இருக்க வேண்டும் என்றும் விரும்பினேன், ஏனெனில் அவள் என் அக்கா. இரண்டையும் ஒரே மனிதன் எப்படி விரும்ப முடியும் என்பது எந்தச் சூத்திரத்திலும் அடங்கவில்லை.

இடமும் வலமும்

படகுத்துறையின் கொட்டகையில் மின்சாரம் கிடையாது. என் மேசையும் கருவிகளும் இல்லாமல் நான் வேலை செய்வதில்லை. எனவே படகு என் வீட்டுக்கு வந்தது. தெருவின் பாதியை அது அடைத்துக்கொண்டது. குப்பை வண்டி பின்னோக்கி வர வேண்டியதாயிற்று. செல்வி மட்டுமே மகிழ்ந்தாள்.

"எடுத்துராதீங்க சார். நல்லா நெழலு குடுக்குது. கப்பலுக்கு அடியில கடை போட்டவ இந்த ஏரியாவுல நான் ஒருத்திதான்."

கருவி நான்கு பகுதிகளாக வந்திருந்தது. சக்கரத்தின் ஆரங்களோடு இறுக்கிப் பிணைக்கும் ஒரு வளையம். அதற்குள்ளேயே பட்டையும் சிறு மோட்டாரும் உண்டு. பொத்தான்களும் திரையும் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. கணக்கிடும் பெட்டி ஒன்று. படகு எத்திசையை நோக்குகிறது என்பதை அறிந்து சொல்லும் மின்திசைகாட்டி ஒன்று. போக வேண்டிய திசையைச் சொல்லிவிட்டால், விலகும்போதெல்லாம் சக்கரத்தைச் சிறிது திருப்பி மீட்டெடுக்கும். நான் ஆயிரம் முறை வடிவமைத்த தத்துவம்தான். ஒரு பிற்பகலுக்குள் முடித்துவிடலாம் என்று எண்ணினேன்.

விளக்கப் புத்தகம், படகிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டது போலிருந்தது. இடது, வலது என்ற எளிய சொற்களுக்கு அதில் இடமில்லை. அவற்றுக்குக் கப்பற்காரர்களின் தனிச்சொற்கள் இருந்தன. நான் வசதி கருதிப் பின்புறம் பார்த்து அமர்ந்து கம்பிகளை இணைத்தேன். பொத்தானை அழுத்தியபோது சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியது. கம்பிகளை மாற்றினேன். எழுந்து முன்புறம் பார்த்து நின்று அழுத்தினேன், அப்போதும் எதிர்ப்பக்கம்.

"தம்பி, நீ உன் வலதைச் சொல்றியா, படகோட வலதைச் சொல்றியா?" என்று கேட்டாள் அக்கா.

"இரண்டும் ஒன்றுதான்."

"நீ எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்கேங்கறதைப் பொறுத்துடா."

மீண்டும் மாற்றினேன். வாசகர்கள் இதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம். சோதித்து அறிவது என்பது இதுவே.

மோட்டார் வளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் தடுக்க, படகின் தரையில் ஓர் எஃகு முளை நட வேண்டும். இடத்தை அளந்து பென்சிலால் குறித்தேன். டிரில்லை எடுத்ததும் அக்கா அந்தக் குறியை விரலால் தொட்டாள். அங்கே தரையின் சொரசொரப்பு தேய்ந்து வழுவழுவென்றிருந்தது.

"உங்க அத்தான் வலது காலை வெச்சுக்கற இடம்" என்றாள்.

வேறு இடத்தில் நட வழியில்லை. அவள் கையை எடுக்கும் வரை காத்திருந்துவிட்டுத் துளையிட்டேன். வெள்ளைத் தூள் பறந்தது. அவள் அதை ஈரத்துணியால் துடைத்தாள்.

திசைகாட்டியைக் கீழறையின் மெல்லிய மரச்சுவரில், படகின் நடுவில், மின்கலத்திலிருந்து விலக்கிப் பொருத்தினேன். அருகில் இரும்பு இருந்தால் அது தடுமாறும். எங்கள் தெருவிலோ இரும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கதவுகள், ஆட்டோக்கள், செல்வியின் வண்டி. வடக்கு எது என்று கேட்டால் அது முனிரத்தினத்தின் ஆட்டோவைக் காட்டியது. நீர்ப்பரப்பில் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். பொறியியல்படி அம்முடிவு சரியானதே; இன்றும் நான் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பூசை

ஆயுத பூசை நாளில் பெங்களூரில் சக்கரமுள்ள எதுவும் தப்ப முடியாது. தெருவின் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் குளித்துப் பொட்டிட்டு வரிசையாக நின்றபோது, படகை மட்டும் விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதன் முகப்பின் இருபுறமும் வாழைக்கன்று கட்டினார்கள். சாமந்தி மாலை விழுந்தது. டிரெய்லர் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்கள். முனிரத்தினம் பூசணிக்காயை உடைத்த வேகத்தில் என் வேட்டியில் குங்குமம் தெறித்தது.

அறிவியல் மனப்பான்மையைப் பற்றிப் பல மேடைகளில் பேசியவன் நான். எனவே என் கேட்டுக்கு உள்ளேயே நின்றேன். தடுக்கவும் இல்லை, கலந்துகொள்ளவும் இல்லை. பொரியும் சந்தனமும் தூக்கிக்கொண்டு தெருவில் பாதிப்பேர் படகின் கீழறைக்குள் போய் வந்தார்கள். "ஒரு மாசமா வர்றவன் போறவன் எல்லாம் வாயப் பொளந்து பாத்திருக்கான். கண்ணு பட்டிருக்கும் சார்" என்றாள் செல்வி. அக்கா எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

செக்கு மாடு

சோதனை நாளன்று நீர்த்தேக்கத்தில் மிதமான காற்று. அக்கா காலுறை, தொப்பி, பழைய சட்டை அணிந்து ஏறினாள். நான் கரையில் நின்று தொலைபேசி வழியாக வழிநடத்துவது என்று ஏற்பாடு. படகுத்துறையின் விதிப்படி நானும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தேன்.

"கரையில நின்னுக்கிட்டு உனக்கு எதுக்குடா அது?" என்றாள்.

விதி என்றேன்.

மல்லப்பா நல்ல மனிதர். கன்னடக்காரர்; எங்களோடு தமிழில் பேச முயல்பவர். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். நான் அமரவில்லை.

திசைகாட்டிக்குப் படகின் தன்மையைப் பழக்க, படகைத் தள்ளும் பின்பக்கச் சிறு மோட்டாரில் மெதுவாக வட்டமிட வேண்டும். முடிவில் எத்தனை பாகை பிழை இருக்கிறது என்று திரை காட்டும்; அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும்.

"சுத்திட்டேன்டா. நாப்பத்திச் சொச்சம்னு காட்டுது."

"இன்னும் மெதுவாச் சுத்துக்கா."

"இதுக்கு மேல மெதுவாச் சுத்தினா அது பிரகாரம் சுத்தற மாதிரிதான்."

துறையின் இரும்புத் தூண்கள் காரணமாக இருக்கலாம் என்று எண்ணி, விலகிப் போகச் சொன்னேன். போனாள். பாயை ஏற்றும் முன் கருவியை இயக்கினாள். சிறிது நேரம் படகு சரியாகப் போயிற்று. நான் மல்லப்பாவை நோக்கித் தலையசைத்தேன். அசைத்த தலையை நிமிர்த்துவதற்குள் படகு இடப்புறம் ஒதுங்கியது. பிறகு வலப்புறம் அதிகமாக வளைந்தது. பிறகு, யாரும் கேட்காத ஒரு வட்டத்தை வரையத் தொடங்கியது. அரைகுறையாக ஏறிய பாய் கொடியில் காயும் போர்வையைப் போல அடித்துக்கொண்டது.

"ஏன் சார், செக்கு மாடு மாதிரி சுத்துது?" என்றார் மல்லப்பா. "பரவாகில்ல விடுங்க. நம்ம கெஸ்டுக்கு ஃபோட்டோ போதும். படகு எங்கயும் போக பேக்காகில்ல, போக வேண்டாம்."

அக்கா கருவியை அணைத்துவிட்டுச் சக்கரத்துக்கும் பாய்க்கும் இடையில் ஓடி ஓடித் திரும்பினாள். துறையின் டயர்களில் படகு மோதி நின்றது. கயிற்றை வீசியவள் மூச்சு வாங்கினாள்.

"சரி. குடுத்துடலாம்" என்றாள்.

மல்லப்பாவைத் தேநீர் சொல்ல அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"பரணி உன்கிட்ட என்னடா சொன்னான்?"

"எப்போ?"

"அவனே என்கிட்ட சொல்லிட்டான். மாமாகிட்ட பேசியிருக்கேன்னு."

"நான் அவனுக்குச் சரியாகத்தான் பதில் சொன்னேன்."

"உன் கை தப்பாது, தம்பி. ஊருக்கே தெரியும். நீயே எத்தனை வாட்டி சொல்லியிருக்கே. அப்புறம் இது தப்புதுன்னா, நீ தப்பவிட்டிருக்கணும். வேற என்ன?"

நான் பிழை செய்துவிட்டேன் என்று சொன்னால் என் தொழில் போயிற்று. பிழை செய்யவில்லை என்று சொன்னால் நான் அவளுக்குத் துரோகம் செய்தவனாகிறேன். வாழ்நாள் முழுவதும் கட்டிக் காத்த நற்பெயர், சாட்சிக்கூண்டில் ஏறி எனக்கு எதிராகவே பேசிற்று.

அதைவிடக் குழப்பமான ஒன்றும் இருந்தது. கம்பிகளை இணைத்த ஒவ்வொரு கணத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். என்னை அறியாமல் என் கை எங்கேனும் பரணியின் பேச்சைக் கேட்டிருக்குமோ என்று ஐயம் வந்தது. தன் கையையே சந்தேகிப்பது எவ்வளவு விசித்திரமான நிலை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

மஞ்சள் துணி

கட்டிய படகில் ஏறினேன். அது அசைந்தது. கீழறையில் மண்டியிட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நான் விட்டபடியே இருந்தன. இறுக்கத்தில் குறையில்லை. மின்னழுத்தம் சரி.

மிச்சமிருந்தது திசைகாட்டி ஒன்றுதான். என் பையில் பழைய கையடக்கத் திசைகாட்டி ஒன்று இருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக் கீழறையின் ஓரத்தில் தொடங்கி மெல்ல நகர்த்தினேன். முள் அசையாமல் வடக்கைக் காட்டியது. மின்திசைகாட்டியை மாட்டியிருந்த மரச்சுவரை நெருங்கியதும், முள் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தது.

சுவரின் மறுபுறம், உபரி லைஃப் ஜாக்கெட்டுகளை வைக்கும் சிறு பெட்டகம். மூடியைத் திறந்தேன். ஜாக்கெட்டுகளை எடுத்தேன். அடியில் மஞ்சள் துணிச் சுருள் ஒன்று கனமாகக் கிடந்தது. பிரித்தால், குங்குமமிட்ட குதிரை லாடம். நல்ல இரும்பு. திசைகாட்டிக்கும் அதற்கும் இடையே விரல் பருமனில் ஒரு பலகை மட்டுமே இருந்தது. படகு சாயும் தோறும் அதுவும் பெட்டகத்துக்குள் உருண்டிருக்கிறது. உருளும் தோறும் என் கருவிக்கு வடக்கு இடம் மாறியிருக்கிறது.

வெளியே வந்து அக்காவிடம் நீட்டினேன். அவள் லாடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயா வெச்சே?"

"இல்லக்கா."

"பயந்துக்கிட்டு..."

"நான் வைக்கலை."

"சரி" என்றாள்.

பூசையின் மஞ்சள் துணி அது. தெருவில் எவரும் வைத்திருக்கலாம். ஆனால் அவளுடைய பார்வையில், தண்ணீருக்கு அஞ்சி, கரையிலேயே லைஃப் ஜாக்கெட்டோடு நிற்கும் ஒரு தம்பிக்கு அந்த லாடம் மிகவும் பொருந்தியது. பயத்தில் காப்புக்காக நான் வைத்ததாகச் சொன்னால் துரோகி என்ற பழி நீங்கும்; மேடையில் பேசியதெல்லாம் பொய்யாகும். சொல்லாவிட்டால் மேடைப்பேச்சு நிலைக்கும், பழியும் நிலைக்கும். உண்மையைச் சொன்னேன். அது எனக்கு எந்தப் பக்கமும் உதவவில்லை.

"எடுத்தாச்சு இல்ல? இன்னொரு வாட்டி போறேன்" என்றாள் அவள்.

காற்றின் கோடு

இம்முறை வட்டமிட்டு முடித்ததும் திரையில் ஒற்றை இலக்கம் காட்டியது. அக்கா கருவியை இயக்கிவிட்டு, சக்கரத்தை விட்டு, முன்னால் நடந்து போனாள். ஓடவில்லை. பாயை ஏற்றினாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். படகு முகம் திருப்பவில்லை. அதன் பின்னால் நீரில் ஒரு கோடு விழுந்தது. என் வரைபடப் பலகையில் வைத்து இழுத்த கோட்டைப் போல.

நீர்த்தேக்கத்தின் நடுவில் இருக்கும் மேட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பாய் மறைந்தது. அந்நேரம் எனக்கு உவகை வந்திருக்க வேண்டும். நான் பொருத்திய கருவி பிழையின்றி இயங்குகிறது. ஆனால் என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. எது எனக்குள் மேலோங்கியிருந்தது என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. போடப்பட்டிருந்த நாற்காலியில் அமர்ந்தேன்.

"இனிமே ஆன்ட்டி குடுக்க மாட்டாங்க சார்" என்றார் மல்லப்பா, எனக்குத் தேநீரை நீட்டியபடி. அவர் குரலில் வருத்தமும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. "எங்க அம்மாவும் இப்படித்தான். டிராக்டர் சாவி யார் கையிலயும் கொடுக்க மாட்டாங்க."

மேட்டின் மறுபக்கத்தில் பாய் மீண்டும் தோன்றியது. துறைக்கு முன்னால் காற்றுக்கு நேரே படகை நிறுத்தி, சக்கரத்தை இயந்திரத்திடம் விட்டுப் பாயை இறக்கினாள். மோட்டாரில் மெல்ல வந்து, டயரை முத்தமிடுவது போல ஒட்டினாள்.

"மல்லப்பா, காபி சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். "படகு இங்கதான் இருக்கும்."

இரவு பரணியை அழைத்துச் சொன்னேன். "நல்லாப் பண்ணிட்டீங்க மாமா" என்றான். நான் எதையோ உடைத்துவிட்டவனைப் போல ஏன் உணர்ந்தேன் என்று விளங்கவில்லை.

யார் வைத்தது?

தெருவில் விசாரித்தேன். முனிரத்தினம் உறுதியாக மறுத்தார்.

"லாடமா? நம்ம வழக்கம் கறுப்புக் கயிறும் சங்கும் சார். லாடமெல்லாம் வீட்டு வாசப்படிக்கு."

செல்வி மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை.

"நான் எலுமிச்சம்பழம் வெச்சேன். லாடம் யாரு வெச்சாங்களோ, நல்ல மனசு. வேலை செஞ்சுச்சா சார்?"

"எது?"

"லாடம்."

"அம்மா, அதுதான் எல்லா வேலையையும் கெடுத்தது."

"அக்கா பத்திரமா திரும்பி வந்தாங்களா இல்லையா?"

காரணத்தையும் விளைவையும் பற்றி ஒரு விரிவுரை என் நாவில் இருந்தது. என் சட்டைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

எனவே இந்தப் பத்திரிகையின் வாயிலாக ஒன்றைப் பதிவு செய்கிறேன். அந்த லாடத்தை நான் வைக்கவில்லை. படகில் நான் செய்த இணைப்புகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. அக்கா சொன்ன "சரி" என்பதன் பொருள் நம்பினேன் என்பதா, விட்டுவிடு என்பதா என்று பல முறை யோசித்திருக்கிறேன். கேட்டால் மறுபடியும் "சரி" என்றே சொல்வாள் என்பதால் கேட்கவில்லை.

அச்சுக்கு அனுப்பும் முன் இந்த அத்தியாயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நீர்த்தேக்கத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஞாயிறுகளில் இப்போது போகிறாள். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. தட்டச்சு வகுப்பு வந்த இடத்தில் சிரித்தாள். மற்ற இடங்களில் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கேடா. உன் பேரு, உன் கம்பி, உன் லாடம். அந்த மேட்டுக்குப் பின்னாடி நான் போனேன் பாரு, அங்க என்ன ஆச்சுன்னு நீ கேக்கவே இல்ல."

நான் கேட்கவில்லை என்பது உண்மைதான். "என்ன ஆயிற்று?" என்றேன்.

அவள் இரு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள். காய்ப்புகள் இன்னும் இருந்தன.

"ஒண்ணும் ஆகலை. பாய் கட்டியாச்சு, சக்கரத்தை அது பிடிச்சுக்கிச்சு. செய்றதுக்கு ஒண்ணுமே இல்ல. கை ரெண்டும் சும்மா கிடந்துச்சு. சும்மா உக்காந்திருந்தேன்டா, அவ்வளவுதான். இந்த வயசுக்கு அதுதான் மொத வாட்டி."